ரத்தம் கொடுக்க வந்தவர்கள்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

ரத்த வங்கியில் 26 வருடம் மருத்துவ அலுவலராக இருந்தவள் நான். ரத்த தானம் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "எங்கள் பதிவேட்டில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் வந்த கொடையாளர்களில் பெரும்பாலோர் 20 முதல் 35 வயதுக்குள் இருக்கும் ஆண்கள். முதல் முறையாகக் கொடுக்க வந்தவர்கள்." அந்த ஒரு வரிக்கு மட்டும் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றால், பெண்கள் கொடுக்கும் ரத்தம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்? (கல்லூரி மாணவி)

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாதும்மா. அந்த வரியை நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஒரு ரத்த வங்கிக்கு 10,000 பேர் வருகிறார்கள். 9,400 பேர் ஆண்கள், 600 பேர் பெண்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் 20 பேர். அதில் 18 ஆண்கள், 2 பெண்கள். "பத்தில் ஒன்பது பேர் ஆண்கள்" என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆண்களில் 0.19 சதவீதம், பெண்களில் 0.33 சதவீதம். கதை தலைகீழாகிவிட்டது. அந்த 2 பெண்களில் ஒருவர் அன்று வராமல் இருந்திருந்தால் 0.17 ஆகி மறுபடியும் மாறியிருக்கும். இவ்வளவு சின்ன எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கொடையாளர்களைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, யார் கொடுக்க வந்தார்கள் என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க நடக்கும் ரத்த தானத்தில் சுமார் 33 சதவீதம்தான் பெண்கள் கொடுப்பது. விவரம் தந்த 113 நாடுகளில் 15 நாடுகளில் அது 10 சதவீதம்கூட இல்லை. பெண்களுக்கு மனமில்லை என்பதல்ல. ஹீமோகுளோபின் குறைவு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி நாங்களே வாசலில் திருப்பி அனுப்புகிறோம். அப்படி வடிகட்டி மிஞ்சியவர்களை வைத்து ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் பற்றிப் பேசுவது தப்பு. இன்னொன்று, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 15 முதல் 24 வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் தொற்று அதிகம். அதனால் ஓர் இடத்தின் படத்தை இன்னோர் இடத்தில் அப்படியே ஒட்ட முடியாது.

வயதும் இப்படித்தான். இளைஞர்களிடம் பாசிட்டிவ் அதிகம் தெரிவதற்குப் பாதிக் காரணம், கொடுக்க வருவதே இளைஞர்கள் என்பது. மீதிப் பாதி, எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுகிறது, அந்த வாழ்க்கை தொடங்குகிற வயது அது என்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "இந்தக் காலத்துப் பசங்களே இப்படி" என்று பேசுவோரை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருமணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் படிவத்தில் "திருமணமானவரா?" என்று ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஆம்" என்று டிக் செய்திருந்தால் அடுத்த கேள்விகளை வேகமாகக் கேட்டு முடித்துவிடுவேன். இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. பாசிட்டிவ் வந்து என் எதிரில் உட்கார்ந்தவர்களில் கல்யாணமானவர்கள் எத்தனையோ பேர். அதிலும் சில பெண்களுக்குக் கணவரைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

கேள்வி: ரத்தம் கொடுப்பதால் எனக்கு எச்.ஐ.வி. வருமா? (குடும்பத் தலைவி)

பதில்: வராது. ஊசியும் குழாயும் பையோடு சேர்ந்தே சீல் செய்யப்பட்டு வருகின்றன. ஒருவருக்குப் போட்டதும் அழித்துவிடுவார்கள். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: என் கணவர் முதல் முறையாக ரத்தம் கொடுத்தார். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன். "ஒரு டெஸ்ட்டை மறுபடி பார்க்கணும், நேரில் வாங்க" என்றார்களாம். என்னவென்று கேட்டால் போனில் சொல்ல மாட்டார்களாம். அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டாரா டாக்டர் அம்மா? ராத்திரியெல்லாம் அழுதுகொண்டிருக்கிறேன். (ஒரு வாசகி)

பதில்: அழாதீர்கள் அம்மா. முதலில் இதைப் படியுங்கள்.

அது எச்.ஐ.வி. டெஸ்ட்தான் என்பதே இன்னும் தெரியாது. மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் இவற்றுக்கும் ஒவ்வொரு பையையும் பார்ப்போம். அதில் எது என்றாலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். எச்.ஐ.வி.யாகவே இருந்தாலும், ரத்த வங்கியில் செய்யும் முதல் டெஸ்ட் ஒரு சல்லடை மாதிரி. தொற்று உள்ள ஒரு பைகூட நழுவிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே மாட்டிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள்.

இங்கேயும் ஒரு கணக்கு. கொடுக்க வந்த 10,000 பேரில் உண்மையாகவே தொற்று உள்ளவர்கள் 10 பேர் என்று வையுங்கள். தொற்று இல்லாத ஆயிரம் பேரில் 2 பேரைத் தவறாகக் காட்டுகிற ஒரு நல்ல டெஸ்ட். அது அந்த 10 பேரையும் பிடிக்கும். கூடவே ஒன்றுமே இல்லாத 20 பேரையும் பிடிக்கும். ஆக, போன் போகிற 30 பேரில் 20 பேருக்கு எதுவும் இல்லை. இதே டெஸ்ட்டை நூற்றுக்கு பத்து பேருக்குத் தொற்று இருக்கிற 10,000 பேர் கூட்டத்தில் செய்தால், பிடிபடும் 1,018 பேரில் 18 பேர்தான் தவறானவர்கள். டெஸ்ட் ஒன்றேதான். யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. ரத்தம் கொடுக்க வருபவர்களில் தொற்று குறைவு. அதனாலேயே அங்கே முதல் டெஸ்ட்டின் "பாசிட்டிவ்" அடிக்கடி பொய்யாகப் போகும். உறுதி செய்ய வேறு முறையில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கணவர் போகட்டும். நீங்களும் கூடப் போகலாம், ஆனால் அறைக்குள் முதலில் அவர் தனியாகப் போகட்டும். அவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் மட்டும்தான் சொல்வார்கள். போனில் சொல்லாததும் அதற்காகத்தான், மறைப்பதற்காக அல்ல. ரிசல்ட் வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். ஒருவேளை உறுதியானாலும், இன்று இருக்கிற கூட்டு மருந்தைத் தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறக்குறைய மற்றவர்கள் மாதிரியே முழு ஆயுளும் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது. (ரத்தம் மட்டும் எப்போதும் கொடுக்கக் கூடாது.) நான் வேலைக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இன்று சொல்ல முடிகிறது.

கேள்வி: ரத்த வங்கியில் அடிக்கடி கொடுப்பவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அக்காவின் ஆபரேஷனுக்காக முதல் முறை போன என்னை ஆயிரம் கேள்வி கேட்டார்கள். என் ரத்தம் மட்டமா? (தனியார் நிறுவன ஊழியர், 30 வயது)

பதில்: மட்டமில்லை தம்பி. ஆனால் உங்கள் கோபத்துக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் முறை வருகிறவரை இதற்கு முன் யாரும் டெஸ்ட் செய்ததில்லை. ஐந்து வருடம் முன்பு வந்த தொற்றும் இருக்கலாம், போன மாதம் வந்ததும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து அன்றுதான் தெரியவரும். அதனால், வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பொதுவாக முதல்முறைக் கொடையாளர்களிடம்தான் பாசிட்டிவ் அதிகம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பவரை ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் செய்கிறோம். அவருக்குப் பழைய தொற்று ஒளிந்திருக்க வழியில்லை. ஒரு நாள் பாசிட்டிவ் வந்தால், போன தடவைக்குச் சற்று முன்போ, அதற்கும் இந்தத் தடவைக்கும் நடுவிலோ வந்தது என்று அர்த்தம்.

நோயாளிக்கு உண்மையான ஆபத்து அந்தப் புதுத் தொற்றில்தான். பழைய தொற்று டெஸ்ட்டில் மாட்டிக்கொள்ளும். புதுத் தொற்று சில நாளுக்கு எந்த டெஸ்ட்டிலும் தெரியாது. இதை விண்டோ பீரியட் என்போம். உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலிசா டெஸ்ட்டுக்கு சுமார் 3 வாரம். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் நாட் டெஸ்ட்டுக்கு 10, 11 நாள். அதற்கும் முன்னால் கொடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றே வெளியே போகும். தொற்றுள்ள ரத்தம் ஒரு யூனிட் உடம்பில் ஏறினால் 100-க்கு 90 பேருக்கு மேல் தொற்றிக்கொள்ளும். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் குத்தினால் அது ஆயிரத்துக்கு மூன்றுதான். ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று மூன்றாகப் பிரித்து மூன்று நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முப்பது தடவைக்கு மேல் கொடுத்த ஒருவர் எங்களிடம் இருந்தார். வருவார், நர்ஸிடம் நலம் விசாரிப்பார், படிவத்தைப் படிக்காமலே எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நாங்களும் அவரைக் கேட்பதை விட்டுவிட்டோம், தெரிந்தவர்தானே என்று. ஒரு நாள் அவர் பை பாசிட்டிவ். போன தடவை கொடுத்த பை யாருக்கெல்லாம் போனது என்று பதிவேட்டைத் தேட உட்கார்ந்தோம். சிவப்பணு வாங்கியது ஒரு வயதானவர். நல்லவேளை, அவருக்குத் தொற்று இல்லை. ஆனால் அவர் ரிசல்ட் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் எத்தனை தடவை கொடுத்தவராக இருந்தாலும், ஒவ்வொரு கேள்வியையும் நானே வாய்விட்டுப் படித்துக் கேட்பேன். ஆகவே ஆயிரம் கேள்வி உங்களுக்கு மட்டுமில்லை.

நீங்கள் அக்காவுக்காகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உறவினருக்காக வருகிறவர்களிடம் தொற்று அதிகம் என்று பல வருடம் சொல்லிவந்தோம். கானா போன்ற நாடுகளில் நுணுக்கமாகப் பார்த்தபோது, முதல்முறைத் தன்னார்வலரையும் முதல்முறை உறவினரையும் நேருக்கு நேர் வைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. வித்தியாசம் உறவில் இல்லை, முதல் முறை என்பதில்தான் இருந்தது. ஆனால் உறவினர் கொடையில் வேறொரு சிக்கலை நானே பார்த்திருக்கிறேன். ஒரு இளைஞர், மாமனாரின் ஆபரேஷனுக்காக வந்தார். கடந்த மாதங்களில் புதிய உறவு ஏதும் உண்டா என்று கேட்டேன். பதில் வரவில்லை, கண் மட்டும் கதவுப் பக்கம் போனது. வெளியே மைத்துனர் நின்றிருந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். "மேடம், எடுக்க முடியாதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார், குரலே எழும்பாமல். வெளியே வந்து, "இன்னைக்கு இவரிடம் எடுக்க முடியாது, வேற ஒருத்தர் வாங்க" என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. அந்தக் கதவு இல்லாத முகாம்களை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான்.

ஆகவே தம்பி, அக்கா நலமானதும் இன்னொரு தடவை போய்க் கொடுங்கள், யாருக்காகவும் இல்லாமல். ஜிம்பாப்வேயில் 1989-இல் பள்ளி முடிக்கும் பிள்ளைகளை வைத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாழ்நாளில் 25 தடவை ரத்தம் கொடுப்பேன், அதற்காக என்னைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்று உறுதிமொழி எடுக்கும் சங்கம். எச்.ஐ.வி. மிகக் கடுமையாகத் தாக்கிய நாடுகளில் ஒன்று அது. தொற்று இன்னும் எட்டாத வயதில் பிடித்து, தொடர் கொடையாளராக மாற்றினார்கள். வேறு பல நாடுகளும் இதைப் பின்பற்றின.

கேள்வி: எந்தப் பிரிவினருக்குத் தொற்று அதிகம் என்று தெரிந்தபின், அவர்களை மொத்தமாக விலக்கிவிடுவதுதானே பாதுகாப்பு? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, அப்படி விலக்கியும் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி அன்றைக்குத் தேவையாகத்தான் இருந்தது. 1983-இல் டெஸ்ட்டே கிடையாது. முதல் டெஸ்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1985 மார்ச்சில். அதுவரை கேள்வி கேட்டு விலக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால் டெஸ்ட் வந்த பிறகும், ஆணோடு உறவு வைத்த ஆண்களுக்கு அங்கே ஆயுள் முழுக்கத் தடை இருந்தது. 2015-இல் அது 12 மாதமானது, 2020-இல் 3 மாதம். 2023-இல்தான், எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல், ஆண் பெண் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கும் முறைக்கு மாறினார்கள். பிரிட்டன் 2021-இலேயே மாறிவிட்டது. இப்போது கேட்பது, சமீபத்தில் புதிய துணை உண்டா, எப்படிப்பட்ட உறவு என்பதைத்தான்.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் வலிக்கிற கதை. கொடையாளரின் இனத்தை வைத்தே ரத்தத்தைத் தரம் பிரித்தார்கள். கறுப்பின மக்களிடம் தொற்று அதிகம் என்ற புள்ளிவிவரம் பொய்யில்லை. ஆனால் இனவெறி ஆட்சியிலிருந்து மீண்டு வந்த மக்களிடம், "உன் ரத்தம் ஆபத்தானது" என்று தோல் நிறத்தைப் பார்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்? 2004 கடைசியில் விஷயம் வெடித்தது. 2005 அக்டோபரில் எல்லாக் கொடையையும் ஒவ்வொன்றாக நாட் டெஸ்ட் செய்யும் முறையைக் கொண்டுவந்து, இனப் பாகுபாட்டைக் கைவிட்டார்கள். அப்புறம் கறுப்பினக் கொடையாளர்கள் பல மடங்கு கூடினார்கள். ரத்தத்தின் பாதுகாப்பு குறையவில்லை.

புள்ளிவிவரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. பணக்கார நாடுகளில் கொடை ரத்தத்தில் எச்.ஐ.வி. 0.001 சதவீதம், ஏழை நாடுகளில் 0.7 சதவீதத்தை ஒட்டி. பல நூறு மடங்கு வித்தியாசம். எந்த டெஸ்ட் வாங்க வேண்டும், எங்கே முகாம் போட வேண்டும், ஆலோசனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்ய இந்த எண்கள் கட்டாயம் வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி முடிவு செய்ய மட்டும் அவை உதவாது. 26 வருடத்தில் ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்து நான் சரியாகக் கணித்ததில்லை.

கேள்வி: நண்பர்களோடு முகாமில் ரத்தம் கொடுத்து 4 நாள் ஆகிறது. அதற்கு 9 நாள் முன்பு, முன்பின் தெரியாத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்தேன். படிவத்தில் "இல்லை" என்று எழுதினேன். ரத்தம் கொடுத்தால் எப்படியும் டெஸ்ட் செய்வார்களே, இலவசமாகத் தெரிந்துவிடும் என்றுதான் கொடுத்தேன். இப்போது தூக்கம் வரவில்லை. என்ன செய்வது டாக்டர்? (பெயர் வேண்டாம்)

பதில்: இந்த மின்னஞ்சலுக்கு அன்று ராத்திரியே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

நான் எழுதியது இதுதான்: "தம்பி, காலையில் ரத்த வங்கி திறந்ததும் போன் பண்ணுங்கள். உங்களுக்குக் கொடுத்த அட்டையில் ஓர் எண் இருக்கும். 'இந்த எண் உள்ள பையை யாருக்கும் கொடுக்க வேண்டாம்' என்று சொன்னால் போதும். காரணம் சொல்லக் கட்டாயமில்லை, யாரும் திட்ட மாட்டார்கள். 9-ஆவது நாளில் எடுத்த ரத்தத்தில் எந்த டெஸ்ட் நெகட்டிவ் என்று சொன்னாலும் நம்ப முடியாது. உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் 28 நாள் மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம், அது தாண்டிவிட்டது. 6 வாரத்தில் ஒரு டெஸ்ட், 3 மாதத்தில் இன்னொன்று. ரத்த வங்கியில் அல்ல, எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில். அங்கே பெயர் வெளியே போகாது."

காலையில் போன் பண்ணியிருக்கிறார். எடுத்தவர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணீங்க" என்றாராம். சிவப்பணுப் பை ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பிளாஸ்மாவும் ஃப்ரீசரில் இருந்தது. இரண்டையும் எடுத்து ஒதுக்கிவிட்டார்கள். பிளேட்லெட்டின் ஆயுள் 5 நாள்தான் என்பதால் அதைச் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். அது முந்தின நாள் சாயங்காலமே ஒரு நோயாளிக்கு ஏறிவிட்டது. அந்த நோயாளியின் டாக்டருக்கு அன்றே தகவல் போனது. அவர் உடனே தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட்டார்.

இதை எழுதும்போது தம்பியின் 6 வார டெஸ்ட்டுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. அந்த நோயாளிக்கும் டெஸ்ட் தேதி குறித்திருக்கிறார்கள்.